பத்து மொழிப் படை: மொழிச் சுமையை அதிகாரிகள் தோளில் ஏற்றிய ஒரு நிர்வாகம்

பல மொழி பேசுகிறவர்களை ஒன்றாக வைத்து வேலை வாங்குவது பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பன்னாட்டு நிறுவனத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு ராணுவத்தை. 1867 முதல் 1918 வரை இருந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொதுப் படை அது. நூறு ஆண்டுக்கு முன்பே கலைந்துபோன படையில் இன்றைய மேலாளருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முக்கியமான காரணம், அந்தப் படைக்கு ஆள் பொறுக்கும் வசதி கிடையாது. மொழி தெரிந்தவரைச் சேர்த்துக்கொண்டு தெரியாதவரைத் திருப்பி அனுப்பும் வழி எந்த நிறுவனத்துக்கும் ஓரளவு உண்டு. இங்கே அது இல்லை. 1868இல் வந்த சட்டம் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது. வருகிற இளைஞன் எந்த மொழி பேசினாலும், எழுதப் படிக்கவே தெரியாதவனாக இருந்தாலும், அவனைச் சிப்பாயாக்கியே ஆக வேண்டும்.

ஆட்கணக்கைப் பார்த்தால் சிக்கலின் அளவு தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் படையில் ஆயிரம் பேரை நிறுத்தினால் 267 பேர் ஜெர்மன் பேசுவார்கள். 223 பேர் ஹங்கேரியன், 135 பேர் செக், 85 பேர் போலிஷ், 81 பேர் அன்று ருத்தேனியன் என்று அழைக்கப்பட்ட உக்ரைனிய மொழி. 67 பேர் குரோஷியன் அல்லது செர்பியன், 64 பேர் ருமேனியன், 38 பேர் ஸ்லோவாக், 26 பேர் ஸ்லோவேனியன், 14 பேர் இத்தாலியன். எந்த மொழிக்கும் பெரும்பான்மை இல்லை. முதல் இடத்தில் இருக்கும் ஜெர்மனே கால்வாசியைச் சற்றுத் தாண்டுகிறது. இவற்றில் பல மொழிகள் ஒன்றுக்கொன்று உறவு கொண்டவை. செக் பேசுகிறவரும் ஸ்லோவாக் பேசுகிறவரும் சமாளித்துக்கொள்வார்கள். ஆனால் ஹங்கேரியனுக்கு அந்தப் பட்டியலில் உறவென்று சொல்ல ஒரு மொழிகூடக் கிடையாது.

இந்தப் படை ஏறக்குறைய 50 ஆண்டு ஓடியது. சிறப்பாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மொழி காரணமாக ஓடாமல் நிற்கவில்லை. அதை ஓட வைத்த ஏற்பாடு என்ன, அந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

மூன்று அடுக்கு

படை நிர்வாகம் மொழியை ஒரே பிரச்சினையாகப் பார்க்கவில்லை. மூன்றாகப் பிரித்தது.

முதல் அடுக்கு கட்டளை மொழி. இது ஜெர்மன், ஆனால் சுமார் 80 சொற்கள் மட்டும். நேராக நில், தளர்ந்து நில், வலப்பக்கம் திரும்பு, சுடு என்ற வகை ஆணைகள். ஒரு சிப்பாய் ஜெர்மன் கற்க வேண்டியதில்லை. இந்த 80 ஒலிகளைக் கேட்டால் உடம்பு என்ன செய்ய வேண்டும் என்று பழகினால் போதும்.

இரண்டாவது அலுவல் மொழி. இதுவும் ஜெர்மன்தான். ஒரு ரெஜிமென்ட் (பல சிறு பிரிவுகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) இன்னொன்றுக்கு எழுதும் கடிதம், மேலிடத்துக்குப் போகும் அறிக்கை, கணக்கு, ஆயுதப் பகுதிகளின் பெயர்கள் எல்லாம் இதில் வரும். சாதாரணச் சிப்பாய்க்கு இதில் பெரிய பங்கு இல்லை. அதிகாரிக்கு முழுமையாக வேண்டும். சார்ஜென்ட், கார்ப்பரல் போன்றவர்களுக்கு ஓரளவு வேண்டும்.

மூன்றாவதுதான் இந்த ஆய்வின் மையம்: ரெஜிமென்ட் மொழி. ஒரு ரெஜிமென்டில் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் ஒரு மொழி பேசினால் அது அந்த ரெஜிமென்டின் மொழிகளில் ஒன்றாக ஏற்கப்படும். பயிற்சி, விளக்கம், தினசரிப் பேச்சு, சிப்பாயின் குறைகேட்பு எல்லாம் அந்த மொழியில் நடக்க வேண்டும். சிப்பாய் விசுவாசப் பிரமாணம் எடுப்பதும் தன் மொழியில்தான். பாதிக்கு மேற்பட்ட படைப்பிரிவுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மொழி இருந்தது. சிலவற்றுக்கு மூன்று.

அப்புறம் வருகிறது முக்கியமான விதி. இந்த மொழியைக் கற்கும் பொறுப்பு அதிகாரியுடையது. புதிதாக ஒரு ரெஜிமென்டுக்கு வரும் அதிகாரி மூன்று ஆண்டுக்குள் அங்கே பேசப்படும் மொழியைக் கற்றுத் தேர்வில் தேற வேண்டும். தேறவில்லை என்றால் அது அவருடைய தகுதிப் பதிவேட்டில் ஏறும், பதவி உயர்வு நேரத்தில் குறுக்கே நிற்கும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது: கீழே இருக்கிறவனுக்கு 80 சொல், மேலே இருக்கிறவருக்கு ஒரு முழு மொழி. மாற்றல் ஆகிப் போனால் இன்னொரு முழு மொழி.

ஏன் அதிகாரியிடம்?

தாராள மனத்தால் வந்த விதி என்று நினைக்க வேண்டாம். பேரரசரின் படை அப்படியொன்றும் சமத்துவத்தின் கோயில் இல்லை. இது முழுக்க முழுக்கச் சிக்கனக் கணக்கு.

கம்பெனி என்று அழைக்கப்படும் சிறு படைப்பிரிவு ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அதிகாரிகள். சிப்பாய் மூன்று ஆண்டில் வீட்டுக்குப் போய்விடுவான். 1912க்குப் பிறகு பெரும்பாலோர் இரண்டே ஆண்டில். அவனுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தால், ஓரளவு பேச வரும்போது அவன் கிளம்பியிருப்பான், அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். அதிகாரி பல பத்தாண்டு இருக்கப்போகிறவர். படித்தவர், சம்பளம் வாங்குகிறவர், பதவி உயர்வு என்ற ஆசை காட்டி வேலை வாங்கக்கூடியவர். நூறு பேர் ஒரு மொழியைக் கற்பதா, நாலைந்து பேர் கற்பதா என்று கேட்டால் விடை தானாக வரும். ஆட்கள் அடிக்கடி மாறும் எந்தப் பணியிடத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. ஆறு மாதத்தில் போய்விடப்போகிறவருக்கு மொழி வகுப்பு வைக்கிறார்கள். பத்து ஆண்டாக அதே இருக்கையில் இருக்கும் மேற்பார்வையாளர் ஒரு சொல்கூடக் கற்பதில்லை.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. குறையைச் சொல்கிறவன் தன் மொழியில் சொல்லும்போது சுருக்கிச் சொல்வதில்லை. அந்நிய மொழியில் வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வான். தன் மொழியில் எப்போதிலிருந்து, எதைத் தின்றபின், இன்னும் யாருக்கெல்லாம் என்று சேர்த்துச் சொல்வான். கீழிருந்து மேலே போகும் தகவல்தான் எந்த அமைப்பிலும் முதலில் வற்றிப்போவது. ஆணை எப்படியாவது கீழே இறங்கிவிடும், சைகையில்கூட இறங்கும். எச்சரிக்கை மேலே ஏற வேண்டுமென்றால் மொழி வேண்டும்.

அதிகாரி எவ்வளவு கற்க வேண்டும் என்பதிலும் படை நிதானமாக இருந்தது. இலக்கிய நயம் கேட்கவில்லை. பதிவேட்டில் மொழித் திறன் எழுதப்பட்ட அளவுகோலே 'பணிக்குப் போதுமானது' என்ற வகையில் இருந்தது. ராணுவச் சொற்களுக்கென்று தனி அகராதிகளும் உரையாடல் கையேடுகளும் அச்சாகின. துப்பாக்கியைத் துடைப்பது, காவல் மாற்றுவது, குதிரைக்குத் தீனி போடுவது, கால் புண்ணைக் காட்டச் சொல்வது என்ற அளவு வந்தால் முதல் படி தாண்டியாயிற்று.

1880களின் தொடக்கத்தில் நடந்த சீர்திருத்தம் இதற்குத் துணை நின்றது. காலாட்படை 102 ரெஜிமென்ட்களாக மாற்றியமைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆள் எடுக்கும் வட்டாரம் ஒதுக்கப்பட்டது. வட்டாரம் நிலையானால் மொழிக் கலவையும் ஏறக்குறைய நிலையாகும். அந்த ரெஜிமென்டுக்குப் போகிற அதிகாரிக்குத் தான் எந்த மொழியைக் கற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். ஆட்சேர்ப்புப் பிரிவு ஒரு பக்கமும் மொழிப் பயிற்சி இன்னொரு பக்கமுமாகப் போகிற இடங்களில் இந்தத் தொடர்பைத்தான் காண முடிவதில்லை.

ஏட்டிலும் களத்திலும்

விதி அழகாக இருந்தது. நடப்பு அத்தனை அழகாக இல்லை.

எல்லா அதிகாரிகளும் மூன்று ஆண்டில் கற்றுவிடவில்லை. சிலர் தேர்வுக்கு மட்டும் கற்றார்கள். ஹங்கேரியன் கடினம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மூன்று மொழி ரெஜிமென்டில் மாட்டிக்கொண்டவர் ஒன்றை நன்றாகவும் மற்றவற்றை ஒப்புக்கும் கற்றார். ஸ்லாவ் மொழிகளுக்கு இடையே மாறி மாறி வேலை பார்த்தவர்களிடம் எல்லாவற்றையும் கலந்து கட்டிய ஒரு பேச்சு உருவானது. 'படை ஸ்லாவிக்' என்றே அதற்குப் பெயர் வந்தது. எந்த ஊரிலும் பேசாத மொழி. ஆனால் சிப்பாய்க்குப் புரிந்தது. மொழி ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கென்னவோ அந்த ஏற்பாடு வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அதிகாரி பிழையாகப் பேசுவதைச் சிப்பாய் தினமும் கேட்கிறான். பிழையாகப் பேசலாம், ஆனால் பேசியாக வேண்டும் என்ற பழக்கம் இரு பக்கமும் வேர்விடுகிறது.

அதிகாரி விட்ட இடைவெளியை நிரப்பியவர்கள் சார்ஜென்ட்களும் கார்ப்பரல்களும். சிப்பாய்களின் ஊர்க்காரர்கள், சிப்பாய்களின் மொழி பேசுகிறவர்கள், அலுவலுக்கு வேண்டிய ஜெர்மனும் ஓரளவு தெரிந்தவர்கள். விதிப்படி அவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள் அல்ல. நடைமுறையில் அவர்கள்தான் பாலம். எழுதாத இந்த வேலைக்குத் தனிச் சம்பளமோ தனிப் பெயரோ இல்லை. பல மொழிப் பணியிடம் எதிலும் இப்படி ஒருவர் இருப்பார். இரண்டு மொழியும் தெரிந்த ஒரு மூத்த தொழிலாளியை எல்லாப் பக்கமும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவருடைய சொந்த வேலை தேங்கும். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் தேங்கிய வேலை மட்டும் கணக்குக்கு வரும். மொழிபெயர்த்த நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

அந்த இடைநிலை ஆட்களுக்குக் கிடைக்கும் அதிகாரத்தையும் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர் அவர். சிப்பாயின் புகார் சார்ஜென்டைப் பற்றியதாகவே இருந்தால் அதை அதிகாரியிடம் மொழிபெயர்த்துச் சொல்லப்போகிறவர் யார்? அதிகாரி நேரடியாகச் சிப்பாயின் மொழியில் கேட்க வேண்டும் என்ற விதிக்கு இருந்த உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். இடையில் ஒரே ஒரு காது மட்டும் இருந்தால், அந்தக் காதைப் பற்றிய புகாருக்குப் போக வழியில்லை.

80 சொல்லுக்கு வந்த சண்டை

பொது மொழியைச் சிறியதாக வைத்தால் எதிர்ப்பும் சிறியதாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி நடக்கவில்லை.

1899, 1900ஆம் ஆண்டுகளில் செக் ரிசர்வ் சிப்பாய்கள் (சேவை முடித்து வீடு திரும்பியபின் தேவைப்படும்போது அழைக்கப்படுகிறவர்கள்) ஆஜர் பட்டியல் வாசிக்கும்போது ஜெர்மனில் 'ஹியர்' என்று சொல்ல மறுத்து, 'இங்கே' என்பதற்கான தங்கள் மொழிச் சொல்லான 'ஸ்தே'யைச் சொன்னார்கள். தண்டனை கொடுத்தார்கள். விவகாரம் செய்தித்தாள்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனது. மற்ற நேரம் முழுக்க அவர்களோடு செக் மொழியில் பேசிக்கொண்டிருந்த படை இந்த ஒரு சொல்லுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

ஹங்கேரியில் இன்னும் பெரிதாக வெடித்தது. ஹங்கேரியிலிருந்து ஆள் எடுக்கும் ரெஜிமென்ட்களில் கட்டளை மொழியும் ஹங்கேரியனாக வேண்டும் என்று அங்குள்ள எதிர்க்கட்சிகள் கேட்டன. பேரரசர் பிரான்ஸ் யோசப் 1903 செப்டம்பர் 16 அன்று பேரரசின் வடகிழக்குப் பகுதியான கலீசியாவில் உள்ள ஹ்லோப்பி என்ற ஊரிலிருந்து ஒரு படை ஆணை வெளியிட்டார். படை இப்போது இருப்பதுபோலவே பொதுவாகவும் ஒன்றாகவும் இருக்கும் என்பது அதன் சாரம். நெருக்கடி 1906 வரை இழுத்தது. இடையில் ஹங்கேரி அரசாங்கமே ஆட்டம் கண்டது. கவனியுங்கள், அந்த ரெஜிமென்ட்களில் ஹங்கேரியன் பேசுகிறவர்களுக்குப் பயிற்சியும் பேச்சும் ஏற்கனவே ஹங்கேரியனில்தான் நடந்தன. சண்டை அந்த 80 சொல்லுக்குத்தான்.

இங்கே படை செய்த பிழை, அந்தச் சொற்களை வெறும் கருவி என்று தன்னிடமே சொல்லிக்கொண்டதுதான். கருவி என்றால் எந்த மொழியில் இருந்தாலென்ன என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்குப் பதில் இல்லை. யார் முதலாளி என்பதைப் பொது மொழி தினமும் அறிவித்துக்கொண்டிருக்கிறது என்று இரு தரப்புக்குமே தெரியும். ஒரு நிறுவனம் பொது மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது 'வசதிக்காக' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் இதே இடத்தில் வந்து நிற்கும். அந்த மொழியைப் பிறப்பிலேயே பேசுகிறவர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்த சாதகம். அந்தச் சாதகத்துக்கு ஈடாக வேறு என்ன சுமையை அவர்கள் ஏற்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் கொஞ்சம் வாயடைக்கலாம். படையிடம் அந்த ஈடு இருந்தது. அதிகாரி கற்ற மொழிதான் அது. வாதத்தில் அதை முன்னால் வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1914

1914 ஜூலை 28 அன்று, முதல் உலகப் போர் தொடங்கிய நாளில், பேரரசர் 'என் மக்களுக்கு' என்ற அறிக்கையில் கையெழுத்திட்டார். அது பேரரசின் மொழிகளில் எல்லாம் ஒட்டப்பட்டது. அடுத்த சில மாதங்களில் கலீசியாவிலும் செர்பியாவிலும் அந்தப் படை நசுங்கியது. முன்வரிசையில் நின்று நடத்திய தொழில்முறை அதிகாரிகளும் அனுபவமுள்ள சார்ஜென்ட்களும் பெருமளவில் இறந்தார்கள், காயமடைந்தார்கள், கைதானார்கள். ஆண்டு முடிவதற்குள் சமாதான காலத்துப் படை ஏறக்குறைய இல்லாமல் போயிற்று.

அவர்களோடு போனது மொழியும்தான். பதிவேட்டில் இருந்தது மொழித் திறன் பற்றிய குறிப்பு மட்டும்தான், திறன் அந்தத் தலைகளில் இருந்தது. மூன்று ஆண்டு கற்று, பத்து ஆண்டு பேசிப் பழகியதைச் சில மாதப் பயிற்சி முடித்து வருகிற ரிசர்வ் அதிகாரியால் எப்படி ஈடுகட்ட முடியும்? அவர் பெரும்பாலும் நகரத்துப் படிப்பாளி. பள்ளிப் படிப்பை முடித்து, ஓராண்டுத் தன்னார்வச் சேவை செய்து ரிசர்வ் அதிகாரி ஆனவர். மலைக்கிராமத்து ருத்தேனியச் சிப்பாயின் மொழி அவர் காதில் விழுந்ததே இல்லை. மூன்று ஆண்டு அவகாசம் என்ற விதி அப்படியே இருந்தது, மூன்று ஆண்டுதான் யாரிடமும் இல்லை. 80 கட்டளைகள் மிஞ்சின. அணிவகுப்புத் திடலில் 80 போதும். பதுங்குகுழியில், குண்டு விழும் இரவில், ஏன் பின்வாங்க வேண்டும், உணவு ஏன் வரவில்லை, இடப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல 80 சொல் போதாது.

இதே காலத்தில் இன்னொரு பிழை நடந்தது; மேலாளர்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது. 1915 ஏப்ரல் 3 அன்று கார்பேத்திய மலையில், துக்லா கணவாய்க்கு அருகே, பிராக் நகரத்தின் 28ஆம் காலாட்படை ரெஜிமென்ட் ரஷ்யத் தாக்குதலில் சிதறியது. பெரும் பகுதி கைதானது. செக் சிப்பாய்கள் சண்டையே போடாமல் எதிரியிடம் போய்விட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதே மாதம் ரெஜிமென்ட் அவமானத்தோடு கலைக்கப்பட்டது. பிறகு நடந்த விசாரணையில் கூட்டுத் துரோகம் நிரூபணமாகவில்லை. மோசமான நிலையில், களைத்துப்போய், போதிய தயாரிப்பில்லாமல் நின்றவர்களை வலுவான தாக்குதல் உடைத்தது என்ற பக்கம்தான் கனமாக இருந்தது. அந்த ரெஜிமென்டின் மிஞ்சிய பட்டாலியன் இத்தாலிக்கு எதிரான இசோன்சோ முனையில் நன்றாகப் போரிட்டது. ரெஜிமென்டும் மீண்டும் அமைக்கப்பட்டது. ஆனால் முதலில் கிளம்பிய பேச்சுதான் ஊரெங்கும் நின்றது.

பல மொழி ஆட்கள் இருக்கும் இடத்தில் ஏதாவது தவறினால் கை முதலில் நீள்வது இந்தப் பக்கம்தான்: 'அவங்களுக்கு நாம சொன்னது புரியலை', அல்லது 'அவங்க ஆளுங்க எல்லாம் அப்படித்தான்'. இரண்டுமே வசதியான பதில்கள். நிலை சரியில்லை, தளவாடம் வரவில்லை, திட்டம் தப்பு என்று சொன்னால் மேலே இருப்பவர் ஒருவர் பதில் சொல்ல வேண்டிவரும். மொழியைச் சொன்னால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். ஒரு விபத்து அறிக்கையில் 'தகவல் தொடர்புக் குறைபாடு' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை முடிந்த விசாரணை என்று நான் ஏற்க மாட்டேன்.

சுமையைக் கீழே தள்ளிய ஒன்று, யாரிடமும் வைக்காத ஒன்று

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பிற்கால நிகழ்வுகள்.

ஜப்பானின் ரகுத்தென் இணைய வணிக நிறுவனம் 2010இல் எல்லா அலுவல்களையும் ஆங்கிலத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. தலைவர் ஹிரோஷி மிக்கித்தானி. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானிய ஊழியர்களுக்கு இரண்டு ஆண்டு கெடு. குறித்த மதிப்பெண் எடுக்காவிட்டால் பதவி இறங்கும் என்ற எச்சரிக்கை. தொடக்கத்தில் சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் கற்க வேண்டும் என்றார்கள். பலர் தேங்கிப்போனபின் நிறுவனமே வகுப்பும் நேரமும் கொடுத்தது. தேர்ச்சி மேலே வந்ததும் அதன் பிறகுதான். படையின் விதியும் இதுவும் மிரட்டலில் ஒன்றுதான், பதவி உயர்வு என்ற அதே கயிறு. வித்தியாசம், கயிறு யார் கழுத்தில் என்பதில். அங்கே அதிகாரி மட்டும், இங்கே எல்லோரும். நிரந்தர ஊழியர்கள், எல்லோரும் படித்தவர்கள், வெளிநாட்டு வணிகம்தான் நோக்கம் என்னும்போது ரகுத்தென் செய்ததில் நியாயம் உண்டு. சுமையை எல்லோருக்கும் பங்கிட்ட நிறுவனம் செலவையும் முதல் நாளே ஏற்றிருக்கலாம்.

இரண்டாவது நிகழ்வு கசப்பானது. 1990 ஏப்ரல் 7 அதிகாலை, நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் பிரெடரிக்ஸ்ஹாவ்னுக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் தீப்பிடித்தது. 159 பேர் இறந்தார்கள். கப்பல் அந்தத் தடத்தில் ஓடத் தொடங்கி ஒரு வாரம்கூட நிறையவில்லை. அவசரமாகச் சேர்த்த ஊழியர்களில் பலருக்கு ஆங்கிலமும் வராது, நார்வே, டேனிஷ் மொழிகளும் வராது. பயணிகளிடம் பேச முடியவில்லை, தங்களுக்குள்ளும் சரியாகப் பேசிக்கொள்ள முடியவில்லை. இதில் மனத்தை உறுத்துவது, இதே கப்பலில் 1988 மார்ச்சில் மெக்சிகோ வளைகுடாவில் தீப்பிடித்தபோது அமெரிக்க விசாரணையாளர்கள் இதையே எழுதியிருந்தார்கள். ஊழியர்களுக்கு இடையிலும் பயணிகளுடனும் பேச்சு எட்டாததால் குழப்பம் வந்தது என்று. உரிமையாளர் மாறினார், கடல் மாறியது, ஊழியர்கள் மாறினார்கள், அறிக்கை அலமாரியில் கிடந்தது.

மொழி மட்டுமே அந்த 159 உயிரைக் குடித்தது என்று எழுதினால், நான் மேலே கண்டித்த அதே பிழையை நானே செய்தவனாவேன். சுவர்ப் பலகைகள் எரிந்து கக்கிய நச்சுப் புகை, மூடாத தீத்தடுப்புக் கதவுகள், சில அறைகளுக்குள் எட்டாத எச்சரிக்கை மணி, பயிற்சியே பெறாத ஊழியர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. மொழி அங்கே செய்தது, மற்ற ஒவ்வொரு குறையையும் சரிசெய்யும் வாய்ப்பை அடைத்ததுதான். மணி கேட்கவில்லை என்றால் ஒருவர் கதவைத் தட்டிச் சொல்லலாம். வழி அடைந்திருந்தால் இன்னொரு வழியைக் காட்டலாம். சொல்ல மொழி இருந்தால்.

அங்கே பத்து மொழி கூட இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். மொழிகளின் எண்ணிக்கை பெரிய விஷயமே அல்ல. படையில் பத்து மொழி இருந்தும் ஒவ்வொரு ரெஜிமென்டிலும் யார் எதைக் கற்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கப்பலில் அந்தக் கேள்விக்கே ஆளில்லை. நிர்வாகம் ஊழியர் முகவரை நம்பியது, முகவர் தலைக்கணக்கை மட்டும் பார்த்தார் என்றால் மொழி இப்படித்தான் இருவருக்கும் இடையே விழும்.

இன்றைய விதிகளில் இருப்பதும் இல்லாததும்

அதற்குப் பின் கடல் துறை மாறியது. 1993இல் ஏற்கப்பட்டு 1998 முதல் பயணிகள் கப்பல்களுக்குக் கட்டாயமான பாதுகாப்பு நிர்வாக நெறிமுறை, ஊழியர்களுக்குப் புரியும் மொழியில் தகவல் போய்ச் சேர வேண்டும் என்று கப்பல் நிறுவனத்தின் மேல் கடமை வைக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி ஒவ்வொரு கப்பலும் ஒரு பணிமொழியைத் தீர்மானித்துக் கப்பல் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் அது புரிய வேண்டும். தேவையான இடத்தில் ஆணையும் அறிக்கையும் அதில் கொடுக்கத் தெரிய வேண்டும். 2001இல் நிலையான கடல்சார் தொடர்களின் தொகுப்பும் வந்தது. ஆணையைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், எண்களை இலக்கம் இலக்கமாக உச்சரிக்க வேண்டும், 'செய்யலாம்', 'இருக்கலாம்' என்று இரு பொருள் தரும் சொற்களைத் தவிர்க்க வேண்டும். 80 சொல் கட்டளை மொழியின் நல்ல வாரிசு என்றே இதைச் சொல்லலாம். திருப்பிச் சொல்வது என்ற ஒன்றை மட்டும் எடுத்து எந்தத் தொழிற்கூடத்திலும் நாளைக்கே தொடங்கலாம். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இப்போ என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க' என்று கேட்டால் புரியாதது உடனே வெளியே வரும்.

மேலிருந்து கீழே இறங்குவதை இந்த விதிகள் நன்றாகவே கட்டியிருக்கின்றன. பழைய படையிடம் இருந்த மற்றொன்று இவற்றில் இல்லை. தன் கீழே வேலை பார்க்கிறவர்களின் மொழியை மேலே இருப்பவர் கற்க வேண்டும், கற்காவிட்டால் பதவி உயர்வில் தட்டும் என்ற விதி அது. ஒரு கப்பலின் இயந்திர அறையில் முக்கால்வாசிப் பேர் ஒரே மொழி பேசினாலும், தலைமைப் பொறியாளர் அந்த மொழியில் ஒரு வார்த்தை கற்க வேண்டும் என்று எந்த விதியும் அவரைக் கேட்பதில்லை.